ஓட்டுக் கணக்கும் வெளியுறவுக் கொள்கையும்: அமெரிக்கா ஏன் இஸ்ரேல் பக்கமே நிற்கிறது?

2024 நவம்பர் 20. காஸாவில் உடனடிப் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்தது. 15 உறுப்பு நாடுகளில் 14 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. அதன் வீட்டோவால் தீர்மானம் செத்தது. அப்போது அதிபர் ஜோ பைடன், ஜனநாயகக் கட்சிக்காரர். 2025 ஜூன் 4 அன்று அதே போன்ற தீர்மானம் மீண்டும் வந்தது. மறுபடியும் 14 ஆதரவு, ஒரு வீட்டோ. இப்போது அதிபர் டொனால்ட் டிரம்ப், குடியரசுக் கட்சிக்காரர். ஆட்சி மாறியது, கட்சி மாறியது. எதிர்த்து உயர்ந்த அந்தக் கை மட்டும் மாறவில்லை.

"உலகமே ஒரு பக்கம் நிற்கும்போது இவர்கள் மட்டும் ஏன் இப்படி?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரியவர்கள் வழக்கமாக இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்வோம். ஒன்று, எண்ணெய் வளமுள்ள பகுதியில் அமெரிக்காவுக்கு ஓர் அடியாள் தேவை என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இது மட்டுமே காரணமென்றால், எண்ணெய் வைத்திருக்கும் அரபு நாடுகளைப் பகைத்துக்கொண்டு எண்ணெய் இல்லாத இஸ்ரேலை ஆதரிப்பானேன் என்ற கேள்வி எழும். இன்னொன்று, "யூதர்கள்தாம் ரகசியமாக அமெரிக்காவை ஆள்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை. இது பொய். பொய் என்பதோடு, உண்மையில் நடப்பதைப் பார்க்கவிடாமல் நம் கண்ணையும் மறைக்கிறது. நடப்பது எதுவும் ரகசியமில்லை. பட்டப்பகலில், செய்தித்தாள்களில் அச்சேறி நடக்கிறது. அதன் பெயர் தேர்தல்.

ட்ரூமன் போட்ட கணக்கு

1945 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், சவூதி மன்னர் அப்துல் அஸீஸை ஒரு போர்க்கப்பலில் சந்தித்துப் பேசினார். அரபுகளையும் யூதர்களையும் முழுமையாகக் கலந்தாலோசிக்காமல் ஃபலஸ்தீன் பற்றி எந்த முடிவும் எடுக்க மாட்டோம் என்று ஏப்ரல் 5 அன்று மன்னருக்குக் கடிதமும் எழுதினார். ஒரு வாரத்தில் ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். துணை அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன் பதவிக்கு வந்தார்.

அந்தச் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் வில்லியம் எடி என்ற அமெரிக்கத் தூதர். அரபு நாடுகளில் பணியாற்றிய அமெரிக்கத் தூதர்கள் அதே ஆண்டு பிற்பகுதியில் ட்ரூமனைச் சந்தித்து, சியோனிசத்துக்கு ஆதரவாகப் போனால் அரபுலகில் நம் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். அதற்கு ட்ரூமன் சொன்ன பதிலை எடி பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். தனக்கு ஓட்டுப் போடும் மக்களில் சியோனிச ஆதரவாளர்கள் பெருந்திரளாக இருக்கிறார்கள், அரபுகள் அந்த அளவில் இல்லையே என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். ஓர் அரசியல்வாதி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 4. நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரை ஒட்டி ட்ரூமன் ஓர் அறிக்கை விட்டார். ஒரு லட்சம் யூத அகதிகளை ஃபலஸ்தீனில் குடியேற்ற வேண்டும், அங்கே ஒரு யூத அரசு அமைவதை அமெரிக்க மக்கள் ஆதரிப்பார்கள் என்பது அதன் உள்ளடக்கம். இரண்டே நாளில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி எழுந்தார். ஒரு லட்சம் போதாது, பல லட்சம் பேரைக் குடியேற்ற வேண்டும் என்றார். ஏலக் கடையில் விலை ஏறுவது போல ஏறியது. ஏலத்தில் விடப்பட்ட நிலம் இருவருடையதும் அல்ல. அதற்குச் சொந்தக்காரர்களான ஃபலஸ்தீன மக்களுக்கு நியூயார்க்கில் ஓட்டு இல்லை.

1948 மே 12 அன்று வெள்ளை மாளிகையில் ஒரு காரசாரமான கூட்டம் நடந்தது. உருவாகப் போகும் யூத அரசை உடனே அங்கீகரிக்க வேண்டும் என்றார் அதிபரின் ஆலோசகர் கிளார்க் கிளிஃபோர்ட். வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல் கடுமையாக எதிர்த்தார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். உள்நாட்டு அரசியல் ஆலோசகருக்கு இந்தக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்டார். இந்த ஆலோசனைப்படி அதிபர் நடந்தால், வரும் தேர்தலில் தான் அதிபருக்கு எதிராகவே வாக்களிக்க நேரும் என்று அதிபரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, மே 14 அன்று, இஸ்ரேல் நடைமுறைக்கு வந்த 11 நிமிடங்களில் ட்ரூமன் அங்கீகாரம் அளித்தார். அதிபர் தேர்தலுக்கு ஆறு மாதம்கூட இல்லை.

ஓட்டு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஹிட்லரின் கொலைக்களங்களிலிருந்து தப்பி முகாம்களில் கிடந்த யூதர்கள் மீது ட்ரூமனுக்கு உண்மையான இரக்கம் இருந்தது. சோவியத் யூனியன் முந்திக்கொண்டுவிடும் என்ற அச்சமும் இருந்தது. இன்னொரு வேடிக்கை: இத்தனைக்கும் பிறகு அந்தத் தேர்தலில் நியூயார்க் மாகாணத்தை ட்ரூமன் டூயியிடம் இழந்தார், மற்ற மாகாணங்களின் பலத்தில்தான் வென்றார். ஓட்டுக்காக எடுத்த முடிவு ஓட்டைத் தரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் முடிவு எடுத்தது எடுத்ததுதான். அதைத் திரும்பப் பெற முடியாது.

சிறு குழுவின் பெரிய பலம்

நாடு முழுவதும் பதிவான ஓட்டுகளை எண்ணி அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாகாணங்களுக்கு மொத்தம் 538 தேர்வாளர்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறார்கள்; 270 கிடைத்தால் வெற்றி. 48 மாகாணங்களில் ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாகாணத்தின் எல்லா இடங்களும் போய்ச் சேரும். கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி பத்து ஓட்டில் ஜெயித்தாலும் பல லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் பலன் ஒன்றே. ஆகவே வேட்பாளர்களின் முழுக் கவனமும், யாருக்கு விழும் என்று தெரியாத ஏழெட்டு மாகாணங்களின் மீது குவிகிறது. அங்கே சில ஆயிரம் ஓட்டைத் திருப்பக்கூடிய எந்தக் குழுவும், தன் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு செல்வாக்குப் பெறுகிறது.

அடுத்தது அக்கறையின் அடர்த்தி. ஒரு சாதாரண அமெரிக்கர் முட்டை விலை, பெட்ரோல் விலை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார். வெளிநாட்டு விவகாரம் அவருக்கு எட்டாவது பத்தாவது விஷயம். நூறு பேரில் மூன்று பேர் மட்டும் ஒரே ஒரு வெளிநாட்டு விவகாரத்தை வைத்தே ஓட்டையும் நன்கொடையையும் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவரைத் திருப்திப்படுத்தினால் மற்ற 97 பேர் கோபப்படப் போவதில்லை. திருப்திப்படுத்தாவிட்டால் மூவரும் நிச்சயம் தண்டிப்பார்கள். நீங்கள் வேட்பாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

இது ஏதோ யூதர்களுக்கு மட்டும் உள்ள சக்தி அல்ல என்பதற்குக் கியூபா நல்ல சாட்சி. காஸ்ட்ரோவின் ஆட்சியிலிருந்து வெளியேறிய கியூபர்கள் ஃபுளோரிடா மாகாணத்தில் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். கியூபா மீதான பொருளாதாரத் தடையை அகற்றக் கோரி 1992 முதல் ஐ.நா. பொது அவை திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றுகிறது. சோவியத் யூனியன் சிதறிய பின் கியூபாவால் அமெரிக்காவுக்கு எந்த ராணுவ ஆபத்தும் இல்லை. ஆயினும் 1992 தேர்தலில் தடையை மேலும் இறுக்கும் மசோதாவை முதலில் ஆதரித்து ஃபுளோரிடாவில் பேசியவர் பில் கிளின்டன். தயங்கிக்கொண்டிருந்த அதிபர் புஷ், தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் அதில் கையொப்பமிட்டார். 2000ஆம் ஆண்டு மகன் புஷ் ஃபுளோரிடாவை வென்றது வெறும் 537 ஓட்டு வித்தியாசத்தில், அதனால்தான் அதிபரானார். அதற்குப் பிறகு ஃபுளோரிடாக் கியூபர்களைப் பகைக்க எந்த வேட்பாளர் துணிவார்?

நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை 2012இலும் 2013இலும் இந்தியா ஆதரித்தது. தனி நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்களை ஆதரிக்க எப்போதும் தயங்கும் டெல்லி, தமிழ்நாட்டின் கொந்தளிப்பாலும் கூட்டணிக் கட்சிகளின் நெருக்கடியாலும்தான் அந்தப் பக்கம் நகர்ந்தது. 2013 மார்ச்சில் தி.மு.க. இதே பிரச்சினையை முன்வைத்து மத்திய அரசிலிருந்து வெளியேறியது. மறு ஆண்டு தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். டெல்லியின் கையைப் பிடித்து இழுக்கக் கூட்டணிக்குள் யாரும் இல்லாமல் போனதும் அவற்றுள் ஒன்று.

ஜெரூசலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது?

அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் சுமார் 2 சதவீதம். அவர்களில் பெரும்பான்மையினர் பல பத்தாண்டுகளாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பவர்கள். காஸா போர் தொடங்கிய சில நாட்களிலேயே, 2023 அக்டோபரில், போர்நிறுத்தம் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் அமர்ந்து நூற்றுக்கணக்கில் கைதானவர்களும் யூதர்களே. அப்படியானால் இஸ்ரேலை ஆதரிக்கும் பெரிய ஓட்டு வங்கி எங்கே இருக்கிறது? எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம். யூதர்கள் புனித பூமிக்குத் திரும்புவது ஈஸா நபியின் மறுவருகைக்கு முன்னடையாளம் என்ற விவிலிய விளக்கம் இவர்களிடையே செல்வாக்குள்ளது. எண்ணிக்கையில் இவர்கள் யூதர்களைவிடப் பல மடங்கு. 2016 தேர்தலில் வெள்ளை இன எவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் டிரம்பை ஆதரித்தார்கள்.

அமெரிக்கத் தூதரகத்தை ஜெரூசலத்துக்கு மாற்றிய கதையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1995இல் அதற்கான மசோதாவை முன்னின்று கொண்டுவந்தவர் செனட்டர் பாப் டோல். மறு ஆண்டு அதிபர் தேர்தலில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தவர். செனட்டில் 93க்கு 5 என்ற கணக்கில் அது நிறைவேறியது. அதிபர் கிளின்டன் கையொப்பமிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அது தானாகவே சட்டமானது. தேசப் பாதுகாப்புக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தள்ளிவைக்கலாம் என்ற விதி அதில் இருந்தது. கிளின்டன், புஷ், ஒபாமா மூவரும் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார்கள். தேர்தல் மேடையில் வாக்குறுதி, பதவிக்கு வந்ததும் ஒத்திவைப்பு. இரு தரப்புக்கும் இது வசதியாக இருந்தது.

டிரம்ப் அந்த வழக்கத்தை உடைத்தார். 2017 டிசம்பர் 6 அன்று ஜெரூசலத்தை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்தார். ஐ.நா. பொது அவையில் இந்தியா உட்பட 128 நாடுகள் இதை நிராகரித்து வாக்களித்தன. எதிர்த்தவை 9 நாடுகள் மட்டுமே. 2018 மே 14 அன்று ஜெரூசலத்தில் தூதரகத் திறப்பு விழா நடந்தபோது, காஸா எல்லையில் திரண்ட மக்கள் மீது இஸ்ரேலிய ராணுவம் சுட்டதில் ஏறத்தாழ 60 பேர் ஷஹீதானார்கள். யாருக்காக இது செய்யப்பட்டது? 2020 ஆகஸ்ட்டில் விஸ்கான்சின் மாகாணத்தின் ஆஷ்காஷ் நகரில், தேர்தல் பிரசாரத்தில் டிரம்பே பதில் சொல்லிவிட்டார். அது எவாஞ்சலிக்கல்களுக்காகச் செய்தது. யூதர்களைவிட அவர்கள்தாம் அதிகமாக மகிழ்ந்தார்கள் என்றார். முதல் கிப்லாவின் நகரம் விஸ்கான்சின் ஓட்டுக் கணக்கில் ஒரு வரியாகிப் போனது.

எதிர்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

1980 மார்ச் 1 அன்று, இஸ்ரேலியக் குடியேற்றங்களைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தை அமெரிக்கா ஆதரித்தது. உள்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும், தகவல் தொடர்பில் பிழை நேர்ந்துவிட்டது என்று அதிபர் கார்ட்டர் இரண்டே நாளில் பின்வாங்கினார். அதே மாதம் நியூயார்க்கில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் எட்வர்ட் கென்னடியிடம் தோற்றார். 1991இல் மூத்த புஷ், குடியேற்றங்களை நிறுத்தாவிட்டால் இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைத் தர முடியாது என்று துணிந்து நின்றார். 1992இல் இஸ்ரேலில் ஷமீர் தோற்று ரபீன் வந்ததும், தன் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், அதைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் நவம்பரில் தோற்றார்.

இந்தத் தோல்விகளுக்கு இஸ்ரேல் விவகாரம்தான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கார்ட்டரைத் தோற்கடித்தது விலைவாசியும் ஈரான் பணயக்கைதிகள் விவகாரமும். புஷ்ஷைத் தோற்கடித்தது பொருளாதார மந்தம். ஆனால் அரசியல்வாதிகள் மனத்தில் பதிந்த பாடம் வேறு. அந்தப் பயம்தான் வேலை செய்கிறது.

பயப்படாதவரும் ஒருவர் இருந்தார். 1956 அக்டோபர் 29 அன்று, அமெரிக்கத் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது; பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்துகொண்டன. தேர்தல் நேரத்தில் வாய் திறக்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பை அதிபர் ஐசன்ஹோவர் பொய்யாக்கினார். மூன்று நாடுகளையும் எதிர்த்தார், தேர்தலிலும் பெரும் வெற்றி பெற்றார். சினாயிலிருந்து வெளியேற மறுத்த இஸ்ரேல், அவர் கொடுத்த நெருக்கடியால் 1957 மார்ச்சில் வெளியேறியது. போரில் வென்ற தளபதி என்ற மக்கள் செல்வாக்கு அவருக்கு இருந்தது. அந்தத் தெம்பு எல்லா அதிபர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது பணமும் நேரடியாகக் களத்தில் இறங்கியிருக்கிறது. ஐபாக் எனப்படும் இஸ்ரேல் ஆதரவு அமைப்பைச் சார்ந்த தேர்தல் நிதிக்குழு, 2024இல் ஜமால் போமன் என்ற நியூயார்க் உறுப்பினரைத் தோற்கடிக்கச் சுமார் 1.4 கோடி டாலரைக் கொட்டியது. அவர் தோற்றார். பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மக்களைச் சந்திக்க வேண்டியவர்கள். ஒருவரைத் தோற்கடித்தால் போதும். மற்றவர்கள் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள்.

மறுமுனையில் இஸ்ரேலுக்கும் இதே நோய்தான். 120 இடங்களில் 61 வேண்டும். எந்தக் கட்சிக்கும் தனியாகக் கிடைப்பதில்லை. நெதன்யாகு தீவிர வலதுசாரிச் சிறு கட்சிகளின் தயவில் இருக்கிறார். 2025 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்ததும் பென் க்விர் அரசிலிருந்து விலகினார். மார்ச் 18 அன்று காஸா மீது மீண்டும் குண்டு விழத் தொடங்கியதும் அரசுக்குத் திரும்பிவந்தார். மார்ச் இறுதிக்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் அரசு கவிழ்ந்திருக்கும். பட்ஜெட் நிறைவேறியது.

மிச்சிகன் முஸ்லிம்களின் சங்கடம்

மிச்சிகன் மாகாணத்தின் டியர்பார்ன் நகரில் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அரபு வம்சாவளியினர். 2024 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் பைடனுக்கு எதிராக, "யாருக்கும் உறுதியளிக்கவில்லை" என்ற கட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 2016இல் டிரம்ப் அந்த மாகாணத்தை வென்றது ஏறத்தாழ 11 ஆயிரம் ஓட்டில் என்பதை வைத்துப் பார்த்தால், இது சிறு எண்ணிக்கை அல்ல. அந்த மே மாதத்தில் பைடன் 2,000 பவுண்டு எடையுள்ள குண்டுகள் அடங்கிய ஒரு சரக்கை நிறுத்திவைத்தார். அவ்வளவுதான். மற்ற ஆயுதங்கள் போய்க்கொண்டே இருந்தன. பைடன் விலகியபின் வந்த கமலா ஹாரிஸும் கொள்கையை மாற்றவில்லை.

நவம்பரில் டியர்பார்னில் டிரம்புக்குச் சுமார் 42 சதவீதம், ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. நான்கு ஆண்டுகளுக்கு முன் பைடனை அமோகமாக ஆதரித்த நகரம் அது. மிச்சிகன் டிரம்புக்குப் போனது. பதவியேற்ற சில நாட்களில் டிரம்ப், நிறுத்திவைக்கப்பட்ட அந்தக் குண்டுகளை விடுவித்தார். பிப்ரவரியில் காஸா மக்களை வெளியேற்றிவிட்டு அந்த நிலத்தை அமெரிக்காவே எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார்.

"அப்போதே சொன்னோமே" என்று டியர்பார்ன் மக்களைப் பலர் ஏளனம் செய்தார்கள். அது நியாயமில்லை. ஊசலாடும் ஏழு மாகாணங்களையும் ஹாரிஸ் இழந்தார். மிச்சிகன் மட்டும் கிடைத்திருந்தாலும் அதிபராகியிருக்க முடியாது. சொந்தக்காரர்களின் ஜனாஸாச் செய்தி தினமும் வந்துகொண்டிருந்த குடும்பங்களிடம் "குறைந்த தீமைக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்பதும் எளிதல்ல. அவர்களுடைய உண்மையான பலவீனம் வேறு. தண்டிக்கும் பலம் இருந்தது. ஆனால் அந்த ஓட்டுக்காக இரு கட்சிகளும் போட்டியிட்டு விலை ஏற்றும் நிலை உருவாகவில்லை. 1946இல் ட்ரூமனும் டூயியும் போட்டியிட்டார்களே, அது போன்ற போட்டி. மறுபக்கமும் தம் ஆதரவாளர்களுக்குப் பயந்தே நிற்கும்போது தண்டனை ஓட்டு ஒருவரைக் கவிழ்க்குமே தவிர, கொள்கையைத் திருப்பாது.

ஆனால் அந்தக் கணக்கும் அசையத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் எடுக்கப்பட்ட கேலப் கருத்துக்கணிப்பில், காஸாவில் இஸ்ரேலின் ராணுவ நடவடிக்கையை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் வெறும் 8 சதவீதம். குடியரசுக் கட்சியினரில் 71 சதவீதம். இஸ்ரேலுக்குத் துப்பாக்கிகள் விற்பதைத் தடுக்கக் கோரி பெர்னி சாண்டர்ஸ் என்ற யூத செனட்டர் அதே மாதம் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. ஆனால் ஜனநாயகக் கட்சித் தரப்பின் 47 உறுப்பினர்களில் 27 பேர் அதை ஆதரித்தார்கள். ஏப்ரலில் இதே போன்ற தீர்மானத்துக்குக் கிடைத்தது 15 ஓட்டுகள். மூன்று மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் திடீரென மனசாட்சி விழித்துக்கொண்டதா, காஸாவின் பட்டினிப் படங்களைப் பார்த்த தங்கள் வாக்காளர்கள் விழித்துக்கொண்டதைக் கண்டு அவர்களும் விழித்தார்களா என்பதை வாசகர்களே யூகிக்கலாம். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் அடுத்த தேர்தல் 2026 நவம்பரில்.